டிஏபி அமைக்கவே இல்லை: நேரடியாக ஐசிசி நடுவர் மன்றத்துக்குப் போகலாமா?

#1 சாரமரம்

வணக்கம். இப்படி ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். ஃபிடிக் (பன்னாட்டுப் பொறியியல் ஆலோசகர் கூட்டமைப்பு) வெளியிட்ட மாதிரிகளில் 1999 சிவப்புப் புத்தக ஒப்பந்தம். ஒப்பந்ததாரர் வெளிநாட்டுக் கம்பெனி, எம்ப்ளாயர், அதாவது வேலையைக் கொடுத்தவர், ஓர் அரசு நிறுவனம். டெண்டர் பிற்சேர்க்கையில் மூன்று பேர் கொண்ட டிஏபி (தகராறை முதலில் கேட்டு முடிவு சொல்லும் குழு) என்று இருக்கிறது. வேலை தொடங்கி இரண்டு ஆண்டு ஆகியும் இரு தரப்பும் யாரையும் நியமிக்கவில்லை. வரைபடங்கள் தாமதமாக வந்ததற்காகக் கேட்ட கூடுதல் காலத்தையும் பணத்தையும் ஒப்பந்தத்தை நிர்வகிக்கும் இன்ஜினியர் உட்பிரிவு 3.5-ன் கீழ் தீர்மானம் கொடுத்து மறுத்துவிட்டார். ஒப்பந்தத்தில் ஐசிசி (பன்னாட்டு வர்த்தக சபை) நடுவர் விதிகள், சீட் (நடுவர் வழக்கின் சட்ட இருப்பிடம்) சிங்கப்பூர்.

ஒப்பந்ததாரர் டிஏபி படியைத் தாண்டி நேராக ஐசிசிக்குப் போகலாமா? போனால் எங்கே அடி விழும்?

#2 அளவுப்புத்தகம்

போகலாம். ஒப்பந்தத்தின் உட்பிரிவு 20.8-ஐப் படியுங்கள். டிஏபி நியமனம் காலாவதியானதாலோ "வேறு காரணத்தாலோ" டிஏபி இல்லை என்றால் 20.4-ம் (டிஏபி முடிவு) 20.5-ம் (சமரச முயற்சி) பொருந்தாது, தகராறை நேரடியாக நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகலாம் என்று அந்த உட்பிரிவே சொல்கிறது. டிஏபி இல்லை என்பது உண்மை. ஏன் இல்லை என்று உட்பிரிவு கேட்கவில்லை. டிஏபி முடிவுக்கு 84 நாள், சமரச முயற்சிக்கு 56 நாள், இரண்டும் மிச்சம்.

#3 மூன்றாம்_நடுவர்

அளவுப்புத்தகம், அந்த இரண்டு சொல்லை மட்டும் நம்பி இறங்குவது ஆபத்து. அப்படிப் படித்தால், டிஏபி பிடிக்காத தரப்பு நியமனத்துக்கு ஒத்துழைக்காமல் இருந்தே அந்தப் படியை ஒழித்துவிடலாம். அந்த வாசிப்பை நீதிமன்றங்கள் எளிதில் ஏற்பதில்லை.

2014-ல் இங்கிலாந்தின் தொழில்நுட்பம் மற்றும் கட்டுமான நீதிமன்றத்தில் பீட்டர்பரோ நகராட்சி வழக்கு வந்தது. கூரைமேல் சூரிய மின்தகடு அமைக்கும் வேலை, ஃபிடிக்கின் இன்னொரு மாதிரியான வெள்ளிப் புத்தக ஒப்பந்தம். நகராட்சி டிஏபியைத் தாண்டி நீதிமன்றம் போனது. தகராறு எழுந்த பிறகு டிஏபி அமைக்கும் முறை உள்ள ஒப்பந்தத்தில் 20.8-ஐக் காட்டி அதைத் தவிர்க்க முடியாது என்று சொல்லி, வழக்கை நிறுத்திவைத்தார்கள்.

அதே ஆண்டு ஜூலை 7-ல் சுவிஸ் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 4ஏ_124/2014 வழக்கில் தீர்ப்பளித்தது. ருமேனியச் சாலைப் பணி பற்றியது. டிஏபி கட்டாயப் படிதான் என்று முதலில் சொன்னார்கள். ஆனால் அந்த வழக்கில் ஒப்பந்ததாரர் டிஏபி கேட்டு ஓராண்டுக்கு மேலாகியும் அது செயல்பாட்டுக்கு வரவில்லை. உறுப்பினர்களுடனான ஒப்பந்தமும் கையெழுத்தாகவில்லை. அந்தச் சூழலில் நேரடியாகப் போனது நல்லெண்ணத்துக்கு மாறானது அல்ல என்று ஏற்றார்கள்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒப்பந்ததாரரைக் காப்பாற்றியது 20.8-ன் சொற்கள் அல்ல. டிஏபி அமைக்க அவர் எடுத்த முயற்சியும் அதற்கான கடிதங்களும்தான். சாரமரம் சொன்ன நிலையில் அந்தக் கடிதங்கள் இருக்கின்றனவா?

#4 பனைநிழல்

மூன்றாம்_நடுவர் சொன்னதோட ஒன்றைச் சேர்க்கிறன். சீட் எங்க எண்டதைப் பொறுத்துத் தவறுக்கான விலை மாறும். சிங்கப்பூர் எண்டால் இன்னும் கவனம் வேணும்.

நடுத்தீர்ப்புக்கு முந்தின படிகளை நிறைவேற்றாமல் போனால், அது நடுவர் மன்றத்தின்ர அதிகார வரம்பைப் பாதிக்குதா, அல்லது கோரிக்கை இப்பவே ஏற்கத்தக்கதா எண்ட கேள்வி மட்டும்தானா? பதில் நாட்டுக்கு நாடு வேற. இங்கிலாந்தில 2021-ம் ஆண்டு சியரா லியோன் அரசு எதிர் எஸ்எல் மைனிங் வழக்கில, அது ஏற்கத்தக்க தன்மை பற்றின விசயம், நடுவர்களே முடிவெடுக்கலாம் எண்டு சொல்லிப்போட்டினம். ஹொங்கொங் இறுதி மேன்முறையீட்டு நீதிமன்றமும் 2023-ல சி எதிர் டி வழக்கில அதே பக்கம். ரெண்டும் கட்டுமான வழக்கு இல்லை, ஆனால் விதி எல்லாருக்கும் ஒண்டுதான்.

சிங்கப்பூர் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2013-ல இன்டர்நேஷனல் ரிசர்ச் எதிர் லுஃப்தான்சா வழக்கில மறுபக்கம் போனது. முன்படிகள் தெளிவாயும் கட்டாயமாயும் எழுதப்பட்டிருந்தால், அவற்றை நிறைவேற்றாத வரை நடுவர் மன்றத்துக்கு அதிகார வரம்பே இல்லை. அதாவது மூண்டு வருசம் வாதாடி வென்ற தீர்ப்பையும் கடைசியில நீதிமன்றத்தில ரத்துக்குக் கேக்கலாம். இங்கிலாந்தில எண்டால் அந்தக் கதவு பெரும்பாலும் பூட்டியிருக்கும்.

சுவிஸில 2016-ல 4ஏ_628/2015 வழக்கில நடுவழி ஒண்டு கண்டினம். முன்படி தவறினால் வழக்கைத் தள்ளுபடி செய்யாமல் நிறுத்திவைத்து, அந்தப் படியை முடிச்சிட்டு வரச் சொல்லுறது. காலவரம்பு ஓடிக்கொண்டிருக்கிறவருக்கு இதைவிட நல்ல தீர்வு இல்லை.

#5 அளவுப்புத்தகம்

சிங்கப்பூர் விஷயம் சரி, அங்கே என் பதிலை மாற்றிக்கொள்கிறேன். ஆனால் இரண்டைச் சொல்ல வேண்டும்.

பீட்டர்பரோ வெள்ளிப் புத்தகம். அதிலும் மஞ்சள் புத்தகத்திலும் டிஏபி தகராறு வந்தபிறகு அமைப்பது. சிவப்புப் புத்தகத்தில் வேலை தொடக்கத்திலிருந்தே டிஏபி இருக்க வேண்டும். முதல் நாளிலிருந்தே இல்லாத ஒன்றைப் பற்றி 20.8 பேசுகிறது என்ற வாதத்துக்கு அங்கே வலு அதிகம்.

அடுத்தது, நடைமுறை. அரசு எம்ப்ளாயர் பெயர் கொடுக்கவே மாட்டேன் என்றால் என்ன செய்வது?

#6 மூன்றாம்_நடுவர்

உங்கள் முதல் வாதம் நியாயமானது. அதை மனுவில் மாற்று வாதமாக வையுங்கள், ஒரே வாதமாக வைக்காதீர்கள்.

இரண்டாவதுக்கு 20.3 இருக்கிறது. மூவர் டிஏபியில் ஒவ்வொரு தரப்பும் ஒருவரை முன்மொழிந்து மறுதரப்பின் ஒப்புதலைப் பெற வேண்டும். அந்த இருவரையும் கலந்து தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதில் எந்த இடத்தில் முட்டினாலும், பிற்சேர்க்கையில் குறிப்பிட்ட நியமன அதிகாரியிடம் ஒரு தரப்பு தனியாகவே போய் நியமனம் கேட்கலாம். பெரும்பாலும் அது ஃபிடிக் தலைவர். அவர் செய்யும் நியமனம் இறுதியானது. அதற்கான கட்டணத்தை இரு தரப்பும் பாதிப்பாதி ஏற்க வேண்டும் என்று உட்பிரிவு சொல்கிறது. எம்ப்ளாயர் கொடுக்காவிட்டால் முழுவதையும் கட்டிவிட்டுப் பாதியைக் க்ளெய்மில் சேர்ப்பதே வேகமான வழி.

முதல் கடிதத்தில் உங்கள் உறுப்பினரின் பெயர், விவரக்குறிப்பு, தினக்கட்டணம், அவர் சம்மதம் எல்லாம் சேர்த்து அனுப்புங்கள். எம்ப்ளாயர் பெயர் தர 14 நாள் கொடுங்கள். பதில் இல்லாவிட்டால் ஒரே ஒரு நினைவூட்டல், அதில் 20.3-க்குப் போகப்போவதாகத் தேதியுடன் எழுதுங்கள். அந்தத் தேதியில் உண்மையாகவே போங்கள். ஆறு மாதம் நினைவூட்டல் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தால், பிறகு முயற்சி செய்ததாகச் சொல்ல முடியாது.

நியமனம் வந்தாலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 1999 பதிப்பில் டிஏபி உறுப்பினர் ஒப்பந்தம் முத்தரப்பு ஒப்பந்தம், எல்லோரும் கையெழுத்திட்டால்தான் நடைமுறைக்கு வரும். எம்ப்ளாயர் கையெழுத்துப் போடாமலே உட்கார்ந்துவிடலாம். சுவிஸ் வழக்கில் நடந்தது ஏறக்குறைய இதுதான். ஆகவே வரைவை நீங்களே தயாரித்து, உங்கள் கையெழுத்தையும் உறுப்பினர்களின் கையெழுத்தையும் வாங்கி, எம்ப்ளாயருக்குக் கையெழுத்துக்கு அனுப்புங்கள். அவர் மறுத்ததற்கு அந்தத் தாளே சாட்சி. 2017 பதிப்பில் இந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். நியமன அதிகாரி நியமித்தால் இரு தரப்பும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதாகவே கொள்ளப்படும்.

உறுப்பினர் பில்லில் தன் பங்கை எம்ப்ளாயர் தராமல் முடக்குவதும் நடக்கும். 1999 பதிப்பில் பில்லை ஒப்பந்ததாரர் முழுவதும் கட்டி, பாதியைத் தன் மாத ஸ்டேட்மென்ட்டில் திரும்பக் கேட்க வேண்டும். அந்தப் பணத்தை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள்.

#7 சாரமரம்

நன்றி. டிஏபி நமக்குச் சாதகமாகவே முடிவு கொடுத்து, எம்ப்ளாயர் பணம் தராவிட்டால்? மறுபடி நடுவர் மன்றம்தானே? இவ்வளவு கஷ்டப்பட்டு அமைப்பதில் என்ன லாபம்?

#8 பனைநிழல்

இந்தக் கேள்விக்கு உலகம் முழுக்க மேற்கோள் காட்டுற வழக்கே சிங்கப்பூரிலதான் நடந்தது. இந்தோனேசியாவில எரிவாயுக் குழாய் பதிக்கிற வேலை. எம்ப்ளாயர் பிஜிஎன், ஒப்பந்தகாரர் சிஆர்டபிள்யூ கூட்டணி. டிஏபி ஒப்பந்தகாரருக்கு 1 கோடியே 72 லட்சம் அமெரிக்க டொலருக்கு மேல கொடுக்கச் சொன்னது. பிஜிஎன் அதிருப்தி அறிவிப்புக் கொடுத்துப்போட்டு, காசு தர மறுத்தது.

20.4-ன் படி டிஏபி முடிவு உடனே கட்டுப்படுத்தும். 28 நாளில ஒருத்தரும் அதிருப்தி அறிவிப்புத் தராட்டில்தான் அது இறுதியானதும் ஆகும். 20.7 நேரடியாக நடுத்தீர்ப்புக்குப் போக வழி விடுறது இறுதியும் கட்டுப்பாடும் சேர்ந்த முடிவுக்கு மட்டும். கட்டுப்படுத்தும் ஆனால் இறுதியில்லை எண்ட நிலைக்கு 1999 வாசகத்தில தனி வழி இல்லை.

சிஆர்டபிள்யூ முதல் முறை போகேக்க, டிஏபி முடிவை நிறைவேற்றச் சொல்லி மட்டும் கேட்டினம். அடித்தளத் தகராறைத் திறக்கேல்லை. தீர்ப்புக் கிடைச்சது, ஆனால் 2011-ல மேன்முறையீட்டு நீதிமன்றம் ரத்தை உறுதிசெய்தது. ரெண்டாவது தரம் முழுத் தகராறையும் முன்வைச்சு, அது முடியிற வரைக்கும் டிஏபி தொகையை இடைக்காலத் தீர்ப்பாகத் தரச் சொல்லிக் கேட்டினம். அதை 2015-ல அதே நீதிமன்றம் பெரும்பான்மையாக ஏற்றது. இடையில 2013 ஏப்ரலில ஃபிடிக் ஒரு வழிகாட்டுக் குறிப்பு வெளியிட்டு 20.7-ஐத் திருத்தச் சொன்னது. 2017 பதிப்பின்ர 21.7 அதைத் தெளிவாகவே எழுதிவைச்சிருக்கு.

ஆகவே 1999 பதிப்பு எண்டால் மனுவில ரெண்டையும் கேளுங்கோ: முழுத் தகராறையும் தீர்க்கச் சொல்லியும், டிஏபி தொகைக்கு உடன இடைக்காலத் தீர்ப்புக் கேட்டும். ஒண்டை மட்டும் கேட்டால் நாலு வருசம் போகும்.

லாபம் என்ன எண்டால், டிஏபி காசு கைக்கு வாறது வேலை நடந்துகொண்டிருக்கேக்க. ஆனால் அதை நிலையான காசு எண்டு கணக்கு வைக்காதேங்கோ. பனாமா கால்வாய் மூன்றாவது மதகுத் தொகுதியில, பசால்ட் கல்லின்ர தரத்துக்கும் கொங்கிரீட் கலவை ஒப்புதல் தாமதத்துக்கும் டிஏபி ஒப்பந்தகாரர் கூட்டணிக்கு 23 கோடி டொலருக்கு மேல கொடுத்தது. மயாமியில சீட் வைச்ச ஐசிசி நடுவர் மன்றம் 2020-ல அதைத் தலைகீழாக்கி, ஏறத்தாழ 24 கோடி டொலரைத் திருப்பித் தரச் சொன்னது. நடுவர்கள் தங்கட தொடர்புகளை வெளிப்படுத்தேல்லை எண்டு சொல்லித் தீர்ப்பை உடைக்கக் கேட்டதையும் 2023-ல அமெரிக்க 11-வது சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கேல்லை. 20.6 சொல்லுறது இதைத்தான்: டிஏபி முடிவு, இன்ஜினியர் தீர்மானம், சான்றிதழ் எதையும் நடுவர்கள் திறந்து பார்த்து மாத்தலாம், டிஏபி முன்னால வைக்காத சாட்சியத்தையும் வைக்கலாம்.

#9 கிரிட்டிக்கல்_பாத்

எல்லோரும் டிஏபியைப் பற்றிப் பேசுகிறீர்கள். இந்தக் க்ளெய்முக்கு 20.1 நோட்டீஸ் (க்ளெய்ம் இருக்கிறது என்ற அறிவிப்பு) 28 நாளுக்குள் போனதா என்று யாரும் கேட்கவில்லை. போகவில்லை என்றால் கூடுதல் காலமும் கிடையாது, பணமும் கிடையாது, எம்ப்ளாயர் முழுவதும் விடுபடுகிறார். எதிர்வாதத்தில் முதல் பத்தியே இதுவாகத்தான் இருக்கும்.

வரைபடத் தாமதத்தில் 28 நாள் எங்கிருந்து தொடங்குகிறது என்பதே ஒரு சண்டை. ஜிப்ரால்டர் விமான நிலையச் சுரங்கச் சாலை வழக்கில், 2014, நீதிபதி ஒப்பந்ததாரருக்குச் சற்றுத் தாராளமான வாசிப்பைக் கொடுத்தார். தாமதம் வரப்போகிறது என்பது தெளிவான நாளிலிருந்தும் எண்ணலாம், தாமதம் தொடங்கிய நாளிலிருந்தும் எண்ணலாம். நோட்டீஸுக்குத் தனிப் படிவம் தேவையில்லை, ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும், க்ளெய்ம் என்று அடையாளம் தெரிய வேண்டும். அவ்வளவு சலுகைக்குப் பிறகும் அந்த ஒப்பந்ததாரருக்குச் சுரங்கத்தில் கேட்ட காலத்தில் மிகச் சிறிய பகுதிதான் கிடைத்தது.

சைட்டில் வழக்கமாக நடக்கும் தவறு: "வரைபடம் தாமதம், உடனே அனுப்பவும்" என்று ஒரு லெட்டர். அது நினைவூட்டல். 20.1-ன் கீழ் அறிவிப்பு என்றும், கூடுதல் காலமும் பணமும் கோருகிறோம் என்றும் ஒரு வரி அதில் இருக்க வேண்டும். இன்ஜினியர் முகவரிக்கு, 1.3 சொன்ன வழியில் போக வேண்டும். பிற்சேர்க்கையில் மின்னஞ்சல் ஏற்கப்பட்டதாக இல்லாவிட்டால் மின்னஞ்சல் போதாது. வரைபடத்துக்கு 1.9-ன் கீழ் தனி நோட்டீஸும் உண்டு: எந்த வரைபடம், ஏன், எப்போது வேண்டும், வராவிட்டால் என்ன தாமதம் வரும். அது போகாமல் 20.1 மட்டும் போனாலும் அடிப்படை ஆடும்.

42 நாளில் முழு விவரக் க்ளெய்ம், விளைவு தொடர்ந்தால் மாதாமாதம் இடைக்கால க்ளெய்ம். 2017 பதிப்பில் முழு விவரத்துக்கு 84 நாள். அதில் நோட்டீஸ் தாமதம் என்று இன்ஜினியர் 14 நாளுக்குள் சொல்லாவிட்டால் அது செல்லுபடியாகும் நோட்டீஸாகவே கொள்ளப்படும்.

இந்தியச் சட்டம் ஆளும் ஒப்பந்தமாக இருந்தால், உரிமையை அழிக்கும் காலக்கெடு செல்லாது என்று ஒப்பந்தச் சட்டம் 28-வது பிரிவை வைத்து வாதிட இடம் உண்டு. அது தவறியவருக்கான மருந்து. அதை நம்பி நோட்டீஸை விடக்கூடாது.

தாமத ஆய்வுக்கு நடுவர் மன்றத்தில் நிபுணர் கேட்பது புரோகிராமின் (வேலைக் கால அட்டவணையின்) மூலக் கோப்புகள், பிடிஎஃப் அல்ல. 8.3-ன் கீழ் கொடுத்த முதல் புரோகிராம், ஒவ்வொரு மாத அப்டேட்டும் தனித்தனியாக. அப்டேட்டை முந்தைய கோப்பின் மேலேயே சேமித்துவிட்டால் எந்த மாதத்தில் கிரிட்டிக்கல் பாத் (முடிவுத் தேதியைத் தீர்மானிக்கும் வேலைத் தொடர்) எங்கே இருந்தது என்று காட்ட வழியில்லை. கூடவே வரைபட வரவுப் பதிவேடு, கான்கிரீட் போட்ட நாள் அட்டைகள், 6.10-ன் கீழ் கொடுத்த ஆள்-இயந்திரக் கணக்கு. வழக்குக்காகப் பிறகு செய்த புரோகிராமில் லாஜிக் மாறியிருந்தால் எதிர்த்தரப்பு நிபுணர் அதை அரை நாளில் கண்டுபிடிப்பார், அதன்பிறகு மற்ற எண்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

#10 அளவுப்புத்தகம்

பணப் பக்கம் நான் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல க்ளெய்ம்கள் இங்கேதான் பாதியாகின்றன.

தலைமை அலுவலகச் செலவுக்கு ஹட்சன் சூத்திரத்தை அப்படியே போடுவார்கள். 6 கோடி டாலர் ஒப்பந்தம், 900 நாள், டெண்டரில் தலைமை அலுவலகச் செலவும் லாபமும் 5 சதவீதம், தாமதம் 120 நாள் என்றால்: 6 கோடியில் 5 சதவீதம் 30 லட்சம், 900-ஆல் வகுத்தால் நாளுக்கு 3,333, 120-ஆல் பெருக்கினால் 4 லட்சம் டாலர். கணக்கு அழகு. ஆனால் அந்த 6 கோடிக்குள் ஏற்கெனவே அதே 5 சதவீதம் இருக்கிறது. 1.9-ன் கீழ் லாபமும் சேரும் என்பதால் லாபம் தடையில்லை. ஆனால் உண்மையில் அந்த நாட்களில் வேறு வேலை எடுக்க முடியாமல் போனதா என்று நடுவர்கள் கேட்பார்கள். எம்டன் சூத்திரம் கம்பெனியின் உண்மையான கணக்கிலிருந்து சதவீதத்தை எடுக்கிறது, தணிக்கை செய்த கணக்கு இருந்தால் அதுவே நிற்கும். மறுத்துவிட்ட டெண்டர் அழைப்புகளின் பட்டியலையும் சேருங்கள்.

சைட் செலவில் இன்னொரு தவறு. 30 மாத வேலை 34 மாதம் ஆனது என்று கடைசி நான்கு மாதச் செலவைக் கேட்பார்கள். கடைசியில் ஆள் குறைந்து, கிரேன் போய்விட்டிருக்கும், செலவு குறைவு. தாமதம் உறைத்தது பத்தாவது மாதம் என்றால் பத்தாவது மாதச் செலவுதான் சரியான அளவு. எஸ்சிஎல் (கட்டுமானச் சட்டச் சங்கம்) தாமத நெறிமுறையின் 2017 பதிப்பும் அதையே சொல்கிறது. பல க்ளெய்ம்களில் இதைத் திருத்தினாலே தொகை கூடும்.

எல்லாக் காரணத்தையும் சேர்த்து ஒரே மொத்தத் தொகையாகக் கேட்பதை முடிந்தவரை தவிருங்கள். ஒரு காரணம் ஒப்பந்ததாரர் தவறு என்று நிரூபணமானால் அதற்குரிய பங்கைப் பிரித்துக்காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது.

#11 சாரமரம்

ஐசிசியில் மனு போடும்போது என்ன கவனிக்க வேண்டும்? ஒப்பந்ததாரர் இரண்டு கம்பெனிகளின் கூட்டணி, கீழே மின்வேலை சப்-கான்ட்ராக்டரும் இருக்கிறார்.

#12 மூன்றாம்_நடுவர்

மனுவுடன் 5,000 டாலர், திரும்பி வராது. செயலகம் மனுவைப் பெற்ற நாளே வழக்குத் தொடங்கிய நாள். எதிர்தரப்புக்குப் பதில் தர 30 நாள், பெரும்பாலும் நீட்டிப்புக் கேட்பார்கள். பிறகு முன்பணம், இரு தரப்புக்கும் சமம். அரசு எம்ப்ளாயர் தன் பாதியைக் கட்டாமல் இருப்பது சாதாரணம். அப்போது நீங்களே முழுவதும் கட்டாவிட்டால் வழக்கு நகராது. உங்கள் பட்ஜெட்டில் இரண்டு பாதியையும் போடுங்கள்.

டெர்ம்ஸ் ஆஃப் ரெஃபரன்ஸ் (வழக்கின் எல்லையை வகுக்கும் ஆவணம்) கையெழுத்தான பிறகு புதிய க்ளெய்ம் சேர்க்க நடுவர் மன்ற அனுமதி வேண்டும். கட்டுமானத்தில் வேலை நடந்துகொண்டே புதுத் தகராறு முளைக்கும், ஆகவே இன்ஜினியர் தீர்மானத்துக்குக் காத்திருக்கும் க்ளெய்ம்களையும் டிஏபி முன் உள்ளவற்றையும் அந்த ஆவணத்திலேயே பெயர் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். அது கையெழுத்தானதிலிருந்து ஆறு மாதத்தில் தீர்ப்பு என்று விதி சொல்கிறது. பெரிய கட்டுமான வழக்கில் அதை நீட்டித்துக்கொண்டே போவார்கள்.

கூட்டணிக் கம்பெனிகள் இரண்டும் சேர்ந்தே வழக்குப் போட வேண்டும், ஒரே நடுவரை முன்மொழிய வேண்டும். கூட்டாளிகளுக்குள்ளேயே சண்டை என்றால் நிலைமை வேறு. ஓமானில் சிமென்ட் ஆலை கட்டிய கூட்டணியில் டட்கோ என்ற கம்பெனி மற்ற இரண்டு கூட்டாளிகள் மேல் ஒரே வழக்குப் போட்டது. அந்த இருவரும் வேண்டாவெறுப்பாகச் சேர்ந்து ஒரே நடுவரை நியமிக்க வேண்டி வந்தது. பிரெஞ்சு உச்ச நீதிமன்றம் 1992-ல் தரப்புகளின் சமத்துவம் கெட்டதென்று தீர்ப்பை ரத்து செய்தது. அதன் பிறகே ஒத்துக்கொள்ளாவிட்டால் எல்லா நடுவர்களையும் ஐசிசி நீதிமன்றமே (வழக்குகளை நிர்வகிக்கும் ஐசிசி அமைப்பு) நியமிக்கலாம் என்ற விதி வந்தது.

சப்-கான்ட்ராக்டரை உள்ளே இழுக்க அவர் ஒப்பந்தத்தில் ஐசிசி, அதே சீட், அதே மொழி இருக்க வேண்டும். அவருக்கு வேறு ஊர் நீதிமன்றம் என்று எழுதியிருந்தால், ஒரே வரைபடத் தாமதத்துக்கு இரண்டு இடத்தில் இரண்டு முடிவு வரும். நடுவில் மாட்டுவது மெயின் கான்ட்ராக்டர்.

#13 சாரமரம்

கடைசியாக ஒன்று. டிஏபி முயற்சியில் இருக்கும்போது காலவரம்பு ஓடுகிறதா?

#14 பனைநிழல்

ஓடும். டிஏபிக்குக் கடிதம் எழுதினதால மட்டும் அது நிக்கும் எண்டு எடுத்துக்கொள்ளாதேங்கோ. ஒப்பந்தத்தை ஆளும் சட்டத்தைப் பாருங்கோ: இங்கிலாந்து, சிங்கப்பூர் சட்டத்தில சாதாரண ஒப்பந்தத்துக்கு 6 வருசம், இந்தியாவில 3 வருசம். கெடுவுக்கு ஆறு மாதம் இருக்கேக்கயே காலவரம்பை நிறுத்திவைக்கிற உடன்பாடு ஒண்டை எம்ப்ளாயரிட்டக் கேளுங்கோ. தர மறுத்தால், டிஏபி முயற்சியை விடாமலே மனுவைப் போட்டு, படி முடியிற வரைக்கும் வழக்கை நிறுத்திவைக்கச் சொல்லி அதே மனுவில கேளுங்கோ. சீட் சிங்கப்பூர் எண்டபடியால் அந்த மனு நிக்குமோ எண்ட ஆபத்து இருக்கு. அதால டிஏபி முடிஞ்ச உடன ரெண்டாவது மனுவும் போட ஆயத்தமாயிருங்கோ.

#15 சாரமரம்

சரி. நாளைக்கே 1.9 நோட்டீஸ், 20.1 நோட்டீஸ், 3.5 தீர்மானம் மூன்றின் தேதியையும் ஒரே தாளில் எழுதி, அதற்கு எதிரே காலவரம்புக் கெடுவைப் போட்டுப் பார்த்துவிட்டு இங்கே பதிகிறேன்.